புழுவெட்டில் புழு இல்லை: குழந்தைகளின் முடி உதிர்வு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு 6 வயதில் புழுவெட்டு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி வேன் வரும் அவசரத்தில் சடை பின்னிக்கொண்டிருந்தபோது காதுக்கு மேலே வழவழவென்று ஒரு இடம் விரலில் தட்டுப்பட்டது, ஒரு ரூபாய்க் காசு அளவு. அந்த வாரமே ஆளுக்கு ஒரு காரணமும் ஆளுக்கு ஒரு வைத்தியமும் சொன்னார்கள், சொன்னதில் பாதியை நான் செய்தும் பார்த்தேன், அவள் தலைத்தோல் புண்ணானதுதான் மிச்சம். இப்போது அவளுக்கு 10 வயது. இந்த நான்கு வருடத்தில் தோல் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, படித்தது, மற்ற பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் பிள்ளையின் தலையை நேரில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தைக்குப் பின்தலையில் முடியே இல்லை. ஏதாவது நோயா?

பெரும்பாலும் இல்லை. பிறக்கும்போது இருக்கும் முடி முதல் சில மாதங்களில் கொட்டிவிட்டுப் புது முடி வருவது இயல்பு. குழந்தை மல்லாந்தே படுத்திருப்பதால் பின்தலை உரசி அந்த இடம் மட்டும் வழுக்கையாகத் தெரியும். உட்கார ஆரம்பித்ததும் தானாகச் சரியாகும். இதற்காகக் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்காதீர்கள், அது ஆபத்து.

என் பிள்ளைக்கு வட்டமாக முடி போயிருக்கிறது. பூச்சி கடித்ததா, புழு தின்றதா?

இரண்டும் இல்லை. நம் ஊரில் இதற்குப் புழுவெட்டு என்று பெயர் வைத்துவிட்டதால், ராத்திரி ஏதோ பூச்சி வந்து தின்றுவிட்டது என்றே நிறையப் பேர் நம்புகிறார்கள். என் மகள் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் தலையணையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். பிள்ளை காதில் விழும்படி "புழு" என்று சொல்லாதீர்கள், அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

நடப்பது இதுதான். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி மயிர்க்கால்களைத் தாக்குகிறது. மயிர்க்கால் அழிவதில்லை, வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் எத்தனை மாதம் கழித்தும் முடி திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. மருத்துவத்தில் இதன் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும், சின்ன வயதில் தொடங்குவது சகஜம்.

பார்த்தால் அந்த இடம் வழவழவென்று, சிவப்போ செதிலோ இல்லாமல் சுத்தமாக இருக்கும். ஓரத்தில் சில குட்டை முடிகள் ஆச்சரியக்குறி போல மேலே தடித்தும் அடியில் மெலிந்தும் நிற்கும். சிலருக்கு நகத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் வரும், கை விரல்களையும் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி, கரப்பான், வீசிங் இருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். அதை யோசித்து வைத்துக்கொண்டு போனால் நல்லது.

மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

புழுவெட்டு ஒட்டாது. ஒரே சீப்பு, ஒரே தலையணை, கட்டிப்பிடித்துத் தூங்குவது, எதனாலும் ஒட்டாது.

ஆனால் இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. பிள்ளைகளின் தலையில் திட்டுத்திட்டாக முடி போக இன்னொரு பெரிய காரணம் தலையில் வரும் படர்தாமரை, அது பூஞ்சைத் தொற்று, அது ஒட்டும். வயதுக்கு வருவதற்கு முந்தைய பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம். அந்தத் திட்டு வழவழப்பாக இருக்காது. செதில் இருக்கும், அரிக்கும், முடி அடியோடு ஒடிந்து கறுப்புப் புள்ளி வைத்தது போலத் தெரியும், கழுத்துப் பின்பக்கம் நெறி கட்டியிருக்கலாம். சில பிள்ளைகளுக்குப் பொடுகு மாதிரி மட்டும்தான் தெரியும், அதனால் பொடுகு ஷாம்பு போட்டே மாதக்கணக்கில் போய்விடும்.

இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க நமக்கு எப்போதும் முடியாது. ஒன்றுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்க வேண்டும், இன்னொன்றுக்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். ஒன்றின் மருந்தை மற்றதற்குப் போட்டால் நிலைமை மோசமாகலாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரம் இல்லை என்றாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: என்ன நோய் என்று தெரியாமல் எதையும் தடவ வேண்டாம்.

தலைப் படர்தாமரை என்று சொல்லிவிட்டார்கள். க்ரீம் போதுமா?

போதாது. பூஞ்சை முடிக்குள்ளேயும் மயிர்க்காலுக்குள்ளேயும் இருக்கிறது, மேலே தடவும் க்ரீம் அங்கே போய்ச் சேராது. வாய்வழி மருந்து வேண்டும். கிரிசியோஃபல்வின் என்றால் சாதாரணமாக 6 முதல் 8 வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதைப் பாலோடு அல்லது நெய் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். டெர்பினாஃபின் இன்னொரு மருந்து. இரண்டு வாரத்தில் அரிப்பு போனதும் நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் தவறு, மறுபடி வந்துவிடும்.

வீட்டில் மற்ற பிள்ளைகள் தலையையும் காட்டுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு டாக்டர் கீட்டோகோனசோல் ஷாம்பு சொல்லலாம். சீப்பு, தொப்பி, துண்டு, ரிப்பன் தனித்தனி. வீட்டுப் பூனைக்கு எங்காவது முடி கொட்டியிருந்தால் அதையும் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள், ஒரு வகைப் பூஞ்சை பூனையிடமிருந்து வருவது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினேன், கொஞ்சம் பரவாயில்லையே?

தயவுசெய்து நிறுத்திவிட்டு டாக்டரிடம் அந்த ட்யூபைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையில் கொடுக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அமுக்குவதால் குணமானது போலத் தோன்றும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். அப்புறம் டாக்டர் பார்க்கும்போது அது படர்தாமரை போலவே இருக்காது, கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.

சின்ன வெங்காயம், ஆற்றுத்தும்மட்டிக்காய், குன்றிமணி தேய்க்கச் சொல்கிறார்களே?

நான் சின்ன வெங்காயம் தேய்த்தேன். மூன்றாம் நாள் தோல் உரிந்து அவள் அழுதாள், நான்காம் நாளும் பாட்டி சொன்னார் என்று தேய்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. பெரியவர்கள் சொல்வது அன்பில்தான், அதில் சந்தேகம் இல்லை. ஒன்றிரண்டு திட்டு மட்டும் இருக்கும் பலருக்குச் சில மாதங்களில் முடி தானாகவே வந்துவிடும், அந்த நேரத்தில் எதைத் தேய்த்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. வெங்காயம், பூண்டு, மிளகு எல்லாமே தோலை எரிக்கும். ஒரு குழந்தையின் தலைத்தோல் நம்முடையதைவிட மென்மையானது.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பருப்பை அரைத்துப் பூசினால் புழுவெட்டு போகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அந்த விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. உடைத்த விதை ஒரு குழந்தையின் வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து, புண்ணான தோலில் பூசுவதும் ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை உடைத்து அரைக்கவே வேண்டாம். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள், வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா?

வளராது. நாம் மழிப்பது தோலுக்கு வெளியே இருக்கும் முடியை, மயிர்க்கால் உள்ளே இருக்கிறது, அதற்கு மேலே என்ன நடந்தது என்றே தெரியாது. மழித்த முடியின் நுனி தட்டையாக வெட்டுப்பட்டு வருவதால் தடித்தது போலத் தெரியும், அவ்வளவுதான். பழனிக்கோ குலதெய்வத்துக்கோ நேர்த்திக்கடன் என்றால் அது உங்கள் நம்பிக்கை, தாராளமாகச் செய்யுங்கள். சிகிச்சை என்று நினைத்துச் செய்ய வேண்டாம். தலையில் படர்தாமரையோ புண்ணோ இருந்தால் அது ஆறிய பிறகு போங்கள், கத்தி பட்டுத் தொற்று பரவும்.

டெங்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, இப்போது கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஏன்?

கடும் காய்ச்சல், டைஃபாய்டு, ஆபரேஷன், திடீரென்று எடை குறைவது, இப்படி உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், அவை 2, 3 மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். காய்ச்சலை எல்லோரும் மறந்திருப்போம், அதனால் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பயந்துவிடுகிறோம். தலை முழுவதும் மெலியும், வழுக்கைத் திட்டு வராது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். கீரை, பருப்பு, முட்டை என்று நன்றாகச் சாப்பிட வையுங்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை, பிள்ளை வெளுத்துப் போயிருக்கிறாள் என்றால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

நெற்றி ஓரத்தில் முடி ஏறிக்கொண்டே போகிறது, அவளுக்கு 9 வயதுதான்.

தினமும் இறுக்கமாக இரட்டைச் சடை மடித்துக் கட்டுகிறீர்களா? பரதநாட்டியத்துக்குச் சவுரி வைத்துப் பின்னுகிறீர்களா? இழுப்பதால் வரும் முடி உதிர்வு நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும்தான் தொடங்கும். பின்னி முடித்ததும் தலை வலிக்கிறது, கண் இழுக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது இறுக்கம் அதிகம் என்பதற்கு அடையாளம். சீக்கிரம் தளர்த்தினால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் விட்டால் மயிர்க்காலே தழும்பாகி நிரந்தரமாகப் போய்விடும். பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம் என்றால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். ஈரத் தலையோடு இறுக்கிப் பின்னுவதையும் விட்டுவிடுங்கள்.

பையன் படிக்கும்போது தானே முடியைப் பிடுங்குகிறான். அடித்தும் நிற்கவில்லை.

அடித்தால் நிற்காது, மறைவாகப் பிடுங்கத் தொடங்குவான். இது டிரைக்கோடிலோமேனியா. திமிரில் செய்வதில்லை, பல நேரம் கை தலைக்குப் போனதே அவர்களுக்குத் தெரியாது. அந்தத் திட்டில் முடி ஒரே அளவாக இருக்காது, நீளமும் குட்டையுமாக ஒடிந்து, ஓரம் கோணல்மாணலாக இருக்கும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு விரல் சூப்புவது போல வந்து தானாகவே போய்விடும். பெரிய பிள்ளைகளுக்கு, பழக்கத்தை மாற்றப் பயிற்சி தரும் மனநல நிபுணர் உதவுவார். கைக்கு வேறு வேலை கொடுப்பது, எந்த நேரத்தில் பிடுங்குகிறான் என்று அவனே கவனிக்கப் பழக்குவது, இப்படிப் போகும் அந்தப் பயிற்சி.

பிடுங்கிய முடியைச் சாப்பிடுகிறானா என்று கட்டாயம் பாருங்கள். முடி ஜீரணமாகாது, வயிற்றில் பந்தாகச் சேர்ந்துவிடும். வயிற்றுவலி, வாந்தி, சாப்பிட முடியாமை என்றால் தாமதிக்காதீர்கள். ஆபரேஷன் வரை போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எந்த டாக்டரிடம் போவது, என்ன செய்வார்கள்?

தோல் டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. டெர்மாஸ்கோப் என்ற சின்னக் கண்ணாடி வைத்துத் தலையைப் பார்ப்பார்கள், சந்தேகம் என்றால் செதிலைச் சுரண்டி, இரண்டு முடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரிதாக வலிக்காது. போவதற்கு முந்தைய நாள் எண்ணெய் வைக்காதீர்கள். முதல் திட்டு தெரிந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

பிறந்ததிலிருந்தோ 2, 3 வயதிலிருந்தோ நெற்றிப்பொட்டுக்கு மேலே முக்கோணமாக ஒரு இடத்தில் மட்டும் முடி இல்லை, அது பெரிதாகவும் இல்லை என்றால் அது வேறு ஒன்று, ஆபத்தில்லாதது. அதைப் புழுவெட்டு என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

புழுவெட்டுக்கு என்ன சிகிச்சை? முடி வந்துவிடுமா?

ஒன்றிரண்டு திட்டு மட்டும் என்றால் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வந்துவிடும். அதனால் சில டாக்டர்கள் கொஞ்ச நாள் பார்ப்போம் என்பார்கள், அது அலட்சியம் இல்லை. தடவும் ஸ்டீராய்டு, முடி வளரத் தூண்டும் மினாக்சிடில் கொடுப்பார்கள். அந்த இடத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி வலிக்கும், அதனால் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத்தான். பரவலாக இருந்தால் டி.பி.சி.பி. என்ற மருந்தை வாராவாரம் தடவி லேசான அலர்ஜியை உண்டாக்கும் முறை இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் முடி வேகமாக வரலாம், நிறுத்தியதும் கொட்டலாம், பிள்ளையின் வளர்ச்சியையும் பாதிக்கலாம், ஆகவே அதை எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையையும் சொல்ல வேண்டும். மிகச் சின்ன வயதில் தொடங்குவது, தலை முழுவதும் பரவுவது, பின்கழுத்து ஓரமாகப் பட்டைபோல வருவது, நகமும் பாதிக்கப்படுவது, இவை இருந்தால் முடி வர நாளாகும், வராமலும் போகலாம். எல்லோருக்கும் நிரந்தரமாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. "100 சதவீத கேரண்டி" என்று விளம்பரம் செய்பவரிடம் ஏமாறாதீர்கள்.

புது மாத்திரை வந்திருக்கிறதாமே?

ஜாக் தடுப்பான்கள் என்று சொல்லும் மருந்துகள். அமெரிக்காவில் 2022இல் பாரிசிட்டினிப் பெரியவர்களுக்கும், 2023இல் ரிட்லெசிட்டினிப் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் அனுமதி பெற்றன, இரண்டும் கடுமையான புழுவெட்டுக்கு. தலையில் முடியே இல்லாமல் இருந்தவர்கள் சிலருக்கு முடி வந்திருக்கிறது, அது பெரிய விஷயம்தான். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்பதால் தொற்று வரும் ஆபத்து உண்டு, தொடங்கும் முன் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும், நிறுத்தினால் மறுபடி கொட்டலாம். இரண்டு திட்டு இருக்கும் 5 வயதுப் பிள்ளைக்கு இது தேவையே இல்லை.

பயோட்டின் என்ற வைட்டமின் சேர்ந்த மிட்டாய் (gummy) கொடுக்கலாமா?

சத்துக் குறைவு இல்லாத பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை. அதோடு, பயோட்டின் தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும். ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இமை முடியும் புருவமும் போய்விட்டது.

புழுவெட்டு சிலருக்கு அப்படி ஆகும், உடம்பு முழுவதும் போகிறவர்களும் உண்டு. இமை முடி இல்லாவிட்டால் தூசு நேராகக் கண்ணில் விழும், வெளியே போகும்போது கண்ணாடி போட வையுங்கள். தலைக்குத் தொப்பியோ சன்ஸ்க்ரீனோ வேண்டும், நம் வெயில் தாங்காது. மூக்கு முடியும் போயிருந்தால் மூக்கு ஒழுகலாம், அது சளி இல்லை.

கீமோதெரபி எடுக்கும் பிள்ளைக்கு?

தொடங்கி 2, 3 வாரத்தில் கொட்டும், முடிந்து சில மாதத்தில் வளரத் தொடங்கும், முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வரலாம். கொட்டும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தலையணையில் முடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

நான்தான் காரணமோ? கண்ணூறா? டென்ஷனா?

இல்லை. நீங்கள் வைத்த எண்ணெயோ, மாற்றிய ஷாம்புவோ, உப்புத் தண்ணீரோ புழுவெட்டைக் கொண்டு வராது. பிள்ளையைத் திட்டியதால் வந்தது என்று என்னிடம் ஒரு அம்மா அழுதார், அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை. பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்களும் தாங்கள் ஏதோ தப்பு செய்ததால்தான் இது வந்தது என்று மனதுக்குள் வைத்திருப்பார்கள்.

பள்ளியில் மொட்டை, வழுக்கை என்று கேலி செய்கிறார்கள்.

வகுப்பு ஆசிரியரிடம் முதலிலேயே போய்ப் பேசுங்கள், கேலி தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று விஷயம் போதும்: இது ஒட்டாது, வலிக்காது, அவள் மற்றவர்களைப் போல விளையாடலாம். தொப்பியோ ஸ்கார்ஃபோ போட அனுமதி கேளுங்கள். எங்களுக்கு ஒரு பள்ளியில், தொற்று இல்லை என்று சான்றிதழ் வரும்வரை கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். டாக்டர் இரண்டு வரி எழுதிக் கொடுத்ததும் சரியானது, ஆனால் அந்தப் பத்து நாளை அவள் மறக்கவில்லை. கடிதத்தை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயிலில், கல்யாண வீட்டில் "எந்தக் கோயிலுக்கு மொட்டை?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. என்ன பதில் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். என் மகள் "எனக்கு அலோபீசியா, ஒட்டாது" என்று சொல்வாள், சில நாள் எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடிப்பாள், அன்று நான் சொல்வேன். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரஸ்லி 2020 ஜனவரியில் தனக்கும் அலோபீசியா என்று விக் இல்லாமல் வீடியோவில் வந்து சொன்னார். அந்தப் படத்தைக் காட்டியபோது இவள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள், செத்துப் போகலாம் என்கிறாள் என்றால் முடியை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டும் இலவசம்.

விக் வாங்கலாமா?

பிள்ளை கேட்டால் வாங்குங்கள். நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக வேண்டாம். நம் வெயிலில் அரிக்கும், விளையாடும்போது நழுவும், பருத்தி ஸ்கார்ஃப் பல பிள்ளைகளுக்கு வசதி.

எப்போது உடனே ஓட வேண்டும்?

தலையில் கொழகொழவென்று வீங்கிச் சீழ் வைத்திருந்தால், காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே போங்கள். அது படர்தாமரை முற்றிய நிலையாக இருக்கலாம், தாமதித்தால் தழும்பாகி அந்த இடத்தில் முடி வராமலே போகும். சாதாரணக் கட்டி என்று நினைத்து வெறும் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் திட்டு வேகமாகப் பெருகினாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

ஒருமுறை வந்துவிட்டுப் போனால் மறுபடி வருமா?

புழுவெட்டு என்றால் வரலாம், சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். என் மகளுக்கு 7 வயதில் முழுவதும் வளர்ந்துவிட்டது, 9 வயதில் பின்தலையில் இரண்டு இடம் போனது. இந்த முறை நான் கண்டுபிடிக்கவில்லை, அவளே தலை துவட்டும்போது விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து "அம்மா, மறுபடி வந்திருக்கு, போட்டோ எடு" என்றாள். எடுத்தோம், டாக்டரிடம் போனோம். முதலில் வரும் முடி வெள்ளையாக, பூனை முடி போல மெல்லிசாக இருக்கும், பிறகுதான் கறுக்கும். போன வாரப் போட்டோவில் ஒரு இடத்தில் அப்படி ஏழெட்டு முடி தெரிகிறது.